வடகோடித் தீவுகள்

விடுமுறை என்றால் நம்மவர்களுக்கு மூன்று வழிகள்தான் தெரியும். உறவினர் வீடு, மலை வாசஸ்தலம், க்ஷேத்திர யாத்திரை. இந்த மூன்றிலும் சேராத நாலாவது வழி ஒன்றை மேல்நாட்டார் வைத்திருக்கிறார்கள். பாய்மரப் படகு ஒன்றில் ஏறிக்கொண்டு, நார்வே தேசத்தின் கரையோரமாகவோ ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரமாகவோ, இன்று ஒரு தீவு நாளை ஒரு தீவு என்று போய்க்கொண்டேயிருப்பார்கள். செங்குத்துப் பாறை, பனிமூட்டம், பாறை இடுக்கில் ஒரு செம்படவக் குடிசை, படகின் முனையில் கம்பளிச் சட்டையோடு ஒரு தம்பதி. இந்தப் படங்களைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, "நமக்கு இதெல்லாம் எங்கே ஸார் கொடுத்து வைத்திருக்கிறது?" என்று நண்பர் ஒருவர் பெருமூச்சு விட்டார்.

கொடுத்துத்தான் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் வடகோடிக் கடற்கரைக்குப் போனால் போதும். பழவேற்காட்டு ஏரியில் தீவுகள் இருக்கின்றன, படகுகள் இருக்கின்றன, பாய் விரிக்கக் காற்றும் இருக்கிறது. பாறை மட்டும் இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் மணலும் சேறும் தண்ணீருந்தான். ஆனால் அந்தக் கரையின் சரித்திரத்தைப் படித்துவிட்டுப் படகில் ஏறுகிறவனுக்குப் பாறை இல்லாத குறை தோன்றாது. மோதிக்கொள்ள வேண்டிய அளவுக்குக் கரடுமுரடு அந்தச் சரித்திரத்திலேயே இருக்கிறது.

ஆனால் வாசகர்களை நான் நேரே கடற்கரைக்கு அழைத்துப் போகப் போவதில்லை. முதலில் கடலே கண்ணில் படாத ஓர் ஊருக்குப் போக வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், ஆந்திர எல்லைக்கு அருகே, ஆர்.கே.பேட்டை என்று ஓர் ஊர் இருக்கிறது. முழுப் பெயர் இராமகிருஷ்ணராஜுப்பேட்டை. 1960-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த பிரதேசம் அது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும். ஊரைச் சுற்றிக் குன்றுகள், வானம் பார்த்த பூமி. தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். முன்பு கைத்தறியின் சத்தமாக இருந்தது இப்போது பெரும்பாலும் விசைத்தறியின் சத்தமாக மாறியிருக்கிறது. அந்த வட்டாரத்து நெசவில் லுங்கிக்கு முக்கிய ஸ்தானம் உண்டு.

ஒரு வேலையாக நான் அங்கே போயிருந்தபோது, வயதான நெசவாளர் ஒருவர் தறியிலிருந்த கட்டம் போட்ட துணியைக் காட்டி, "இதை வியாபாரிங்க பாளையக்காட்டு லுங்கின்னு சொல்லுவாங்க, ஸார்" என்றார்.

"பாளையக்காடு எங்கே இருக்கிறது, பெரியவரே?" என்று கேட்டேன்.

"அது என்னமோ மலையாள தேசத்துப் பக்கம், பாலக்காடோ என்னமோ. எங்க அப்பா காலத்திலேருந்து அந்தப் பேருதான்."

பாலக்காடு இல்லை, பழவேற்காடு என்று சொன்னேன். அவர் நாடாவைக் கையில் பிடித்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். "நம்ம ஜில்லாவிலேயா?" என்றார்.

நம்ம ஜில்லாவிலேதான். ஆர்.கே.பேட்டை மாவட்டத்தின் மேற்குக் கடைசி என்றால் பழவேற்காடு கிழக்குக் கடைசி. நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஐரோப்பியர் வாயில் பழவேற்காடு 'பாலியாகாட்' ஆயிற்று. பிறகு 'புலிகாட்' ஆயிற்று. மலாய் நாட்டில் இன்றைக்கும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலெகாட்' என்றுதான் பெயர். காயின் என்றால் துணி. பெலெகாட் என்றால் நம் பழவேற்காடு. சுமார் நானூறு வருஷங்களுக்கு முன்னால் கப்பலேறிய பெயர் அது. எப்படிக் கப்பலேறியது என்பதுதான் கதை.

மிளகு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு ஆகிய இவற்றைத் தேடித்தான் ஐரோப்பியர் கிழக்கே வந்தார்கள் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சரக்குகள் விளையும் ஜாவா, சுமத்ரா, மொலுக்கஸ், பாண்டா தீவுகளில் வசித்தவர்கள் ஐரோப்பியச் சரக்கை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. அந்த வெப்பத்தில் கம்பளி யாருக்கு வேண்டும்? அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. சாயம் போகாத சிவப்பும் நீலமும் கட்டமும் பூவும் போட்ட துணி. தலைமுறை தலைமுறையாக நம் வியாபாரிகளிடம் வாங்கிப் பழகியிருந்தார்கள். ஆகவே ஆம்ஸ்டர்டாமில் மிளகு விற்க வேண்டுமானால் முதலில் நம் ஊர்த் தறியில் துணி வாங்க வேண்டும் என்று ஏற்பட்டது. சோழமண்டலக் கரையை மொலுக்கஸ் தீவுகளின் இடக்கை என்று 1612-லேயே ஒரு டச்சு அதிகாரி வர்ணித்தார். கை இல்லாவிட்டால் வாய்க்குச் சோறு போகாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

டச்சுக் கம்பெனி ஆரம்பமானது 1602-இல். 1610-இல் அவர்கள் பழவேற்காட்டில் கடை விரித்தார்கள். அப்போது வேலூரிலிருந்து ஆண்டுகொண்டிருந்தவர் விஜயநகர வம்சத்து வேங்கடபதி ராயர். பழைய விஜயநகரத்தின் கம்பீரம் போய்விட்ட காலம். ஆனால் கையெழுத்துப் போடும் உரிமை போகவில்லை. தெற்கே சாந்தோமில் இருந்த போர்ச்சுகீசியருக்கு இந்தப் புதிய வியாபாரியைப் பொறுக்கவில்லை. 1612-இல் வந்து டச்சுப் பண்டகசாலையைத் தகர்த்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு ஒரு கோட்டை வேண்டும் என்று ஆயிற்று. பழவேற்காடு ராயருடைய ராணிகளுள் ஒருவரின் அதிகாரத்தில் இருந்தது. கோட்டை வேலையை அந்த ராணியே தொடங்கினார், டச்சுக்காரர் முடித்தார்கள். 1613-இல் எழுந்த அந்தக் கோட்டைக்குத் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் ஞாபகமாக 'கெல்ட்ரியா' என்று பெயரிட்டான் டச்சுத் தலைவன் வெம்மர் வான் பெர்கெம். சோழமண்டலக் கரை டச்சுக்காரர்களுக்கு 1690 வரையில் அதுவே தலைநகரம். அங்கே நாணயம் அடித்தார்கள், வெடிமருந்து செய்தார்கள், கீழ்த்திசைத் தீவுகளுக்குத் துணி மூட்டைகளை ஏற்றினார்கள்.

ஏன் பழவேற்காடு? இதற்குப் பதில் படகில் ஏறினால்தான் கிடைக்கும்.

நான் அந்த ஏரியில் பாய்மரப் படகில் போனது 2011-க்குச் சில வருஷங்கள் முந்தி. வருஷத்தைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. 2011-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று உல்லாசமாகச் சென்ற ஒரு படகு அங்கே கவிழ்ந்து 22 பேர் மாண்டுபோனார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதித்தார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒரு மீனவரைச் சம்மதிக்க வைத்தால் போதும். ஏரி முழுவதும் நம்முடையது.

எங்கள் படகோட்டிக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். வெற்றிலைக் கறை படிந்த பல்லும் உப்புக் காற்றில் காய்ந்த தேகமுமான ஆசாமி. பகல் ஏற ஏறக் கடலிலிருந்து வீசும் காற்றைப் பாயில் பிடித்து வடக்கு நோக்கிப் படகைச் செலுத்தினார். கிழக்கே மணல் திட்டு; அதற்கு அப்பால் கடலின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. இந்தப் பக்கம் தண்ணீரோ தாம்பாளத்தில் ஊற்றி வைத்தாற்போல் அசையாமல் கிடக்கிறது. அப்போதுதான் டச்சுக்காரனின் புத்தி எனக்கு விளங்கியது. சோழமண்டலக் கரையில் கப்பலை ஒட்டி நிறுத்த இயற்கைத் துறைமுகம் அரிது. கப்பல் கடலில் எட்ட நிற்கும். அலையில் புரளும் படகில் ஏற்றித்தான் சரக்கைக் கொண்டு சேர்க்க வேண்டும். பழவேற்காட்டில் மட்டும் கரைக்குப் பின்னால் ஒரு பெரிய உள்நாட்டுக் கடலே இருக்கிறது. வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் மூட்டைகள் அலையடிக்காத தண்ணீரில் வந்து சேரும். முகத்துவாரத்தைக் காவல் காத்தால் போதும்.

ஏரி வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். இந்தியாவின் உப்பங்கழிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடி இதுதான் பெரியது. தெற்கே ஆரணியாறும் வடக்கே காளங்கியாறும் நல்ல தண்ணீர் கொண்டு வருகின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல் உப்புத் தண்ணீரைக் கொண்டு வருகிறது. பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. அளவைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். நடு ஏரியில், நாலு பக்கமும் கரை தெரியாத இடத்தில், எங்கள் படகு 'சொத்'தென்று சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

"என்ன ஆயிற்று?" என்றேன் பதற்றத்துடன்.

"ஒண்ணும் இல்லீங்க ஐயா. தண்ணி வத்துது. நீங்க கொஞ்சம் எறங்கினீங்கன்னா தள்ளிடலாம்" என்றார் படகோட்டி.

ஸ்காட்லாந்துக் கம்பளிச் சட்டைத் தம்பதிக்கு இந்தப் பாக்கியம் கிடைத்திருக்காது. முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடு ஏரியில் படகைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். சற்றுத் தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்று சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. அவை எங்களை லட்சியம் செய்யவில்லை.

அன்று மாலை இரக்கம் என்னும் தீவில் இறங்கினோம். பெயரைப் பாருங்கள்! நாவல் எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல பெயரைக் கற்பனை செய்யத் தெரியாது. அதற்கும் வடக்கே வேனாடு என்னும் தீவு; அங்கே ஒரு தர்கா உண்டு. இரக்கத்துக்குப் படகுதான் வழி. பள்ளி வாத்தியாரும் படகில் வருகிறார். பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணும் படகில்தான் போகிறாள். உல்லாசத்துக்காகத் தீவுக்குத் தீவு தாவுகிற நாம், அவசரத்துக்காகத் தாவுகிறவர்களின் முன்னால் கொஞ்சம் அடக்கமாக இருக்க வேண்டியதுதான்.

ராத்திரி படகோட்டி மீன் பிடிக்கும் முறையைச் சொன்னார். ஏரியில் நல்ல இடங்களுக்குப் 'பாடு' என்று பெயர். இன்றைக்கு இன்ன ஊர், இன்ன குடும்பம் இந்தப் பாட்டில் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரே கொழுத்துப் போகாமலும் ஒருவரே பட்டினி கிடக்காமலும் இருப்பதற்கான ஏற்பாடு. சட்டப் புத்தகத்தில் இல்லாத இந்தச் சட்டத்தைத் தலைமுறைகளாகக் காத்துவருகிறார்கள். பக்கத்திலேயே கெல்ட்ரியாக் கோட்டையில் உட்கார்ந்திருந்தவர்கள் பின்பற்றிய சட்டம் வேறு மாதிரியானது. அதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

பாண்டாத் தீவுகள் ஜாதிக்காய்க்குப் பெயர் போனவை. தங்களுக்கு மட்டுமே ஜாதிக்காய் விற்க வேண்டும் என்று டச்சுக் கம்பெனி கட்டளையிட்டது, தீவுவாசிகள் கேட்கவில்லை. 1621-இல் ஜான் பீட்டர்ஸூன் கூன் என்ற தலைவன் படையெடுத்து வந்து அந்த ஜனங்களில் பெரும்பாலோரைக் கொன்றும் நாடு கடத்தியும் தீவுகளைக் காலி செய்தான். தோட்டம் இருந்தது, வேலை செய்ய ஆள் இல்லை. பட்டேவியா நகரம் கட்டவும் ஆள் வேண்டியிருந்தது. பிறகு இலங்கையைப் பிடித்தபோது அங்கேயும் வேண்டியிருந்தது. ஆளுக்கு எங்கே போவது? துணிக்கு எந்தக் கரைக்குப் போனார்களோ, அதே கரைக்கு வந்தார்கள்.

அந்த நூற்றாண்டில் நம் நாட்டில் யுத்தத்துக்கும் பஞ்சத்துக்கும் குறைவில்லை. மழை பொய்த்த வருஷத்தில் தாய் தகப்பன் பிள்ளையை விற்றார்கள். விற்கப் பிள்ளை இல்லாதவர்கள் தங்களையே விற்றுக்கொண்டார்கள். அவர்களை வாங்கிச் சேர்க்கத் தரகர்கள் இருந்தார்கள். அந்தத் தரகர்கள் ஹாலந்திலிருந்து வந்தவர்கள் அல்ல, நம் மனிதர்கள்தான். அரிசி விலை ஏறினால் மனிதர் விலை இறங்கும். அதைப் பார்த்துக் கப்பல் வரும். 1659 முதல் 1661 வரையில் பீஜப்பூர்ப் படைகள் தஞ்சைச் சீமையைச் சூறையாடியபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் கம்பெனி வாங்கிய அடிமைகள் மட்டும் 8,000 முதல் 10,000 பேர் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள். சிலர் பட்டேவியாவுக்கும் மலாக்காவுக்கும் போனார்கள். ஆப்பிரிக்காவின் தென்முனையிலுள்ள டச்சுக் குடியேற்றம் வரையில் போனவர்களும் உண்டு. அந்த ஊர்ப் பதிவுகளில் அவர்களுக்குக் கம்பெனி வைத்த ஏதோ ஒரு பெயர் இருக்கும். அதன் பின்னால் 'கோரமண்டலத்தைச் சேர்ந்த' என்று ஓர் ஒட்டு இருக்கும். பெற்றவள் வைத்த பெயர் போய்விட்டது. ஊர், தெரு, குலதெய்வம் எல்லாம் போய், கடைசியில் ஒரு கரையின் பெயர் மட்டும் மிஞ்சிற்று.

தமிழர்களின் கடலாட்சியைப் பற்றிப் பேசும்போது நாம் ராஜேந்திர சோழனோடு கப்பலேறி 1025-இல் கடாரத்தில் இறங்குகிறோம். எனக்கும் அதில் பெருமைதான். சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்கு அந்தக் கப்பல்கள் இல்லாவிட்டால் பிழைப்பே நடக்காது. ஆனால் அதே கடலில், அதே திசையில், அறுநூறு வருஷங்கள் கழித்துக் கைகால் கட்டுண்டு போன தமிழர்களையும் தெலுங்கர்களையும் பற்றி எத்தனை தொடர்கதை வந்திருக்கிறது? கொடி பறக்கும் கப்பலில் போனவர்கள்தான் முன்னோர்கள் என்று யார் சொன்னது? அடித்தட்டில் துணி மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்து போனவர்களும் நம் முன்னோர்களே.

டச்சுக்காரரின் பவிசும் நிலைக்கவில்லை. 1690-இல் தலைமை ஸ்தானம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 1781-இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1795-இல் பழவேற்காடும் அவர்கள் வசமாயிற்று. 1806-இல் கோட்டையை இடித்தார்கள். 1818-இல் ஊரை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். 1824-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி 1825-இல் அதையும் வாங்கிக்கொண்டார்கள். இன்று கோட்டை இருந்த இடத்தில் முட்புதர் மண்டிய மேடும் அகழியின் தடமும் இருக்கின்றன. டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் இரு புறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே இறந்தவரின் பெயர், உத்தியோகம், வயது எல்லாம் அழகான எழுத்தில் பொறித்த கற்கள் கிடக்கின்றன. தூர தேசத்தில் வந்து ஜுரத்தில் மாண்ட அந்த மனிதர்களிடம் எனக்குக் கோபம் வரவில்லை. குழந்தைகளின் கல்லறைகளைப் பார்த்தால் யாருக்குத்தான் கோபம் வரும்? ஆனால் அந்தக் கற்களில் ஒன்றுகூட அவர்கள் ஏற்றி அனுப்பியவர்களுக்காக நடப்பட்டதல்ல என்ற எண்ணம் மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

பின்னால் வந்த ஆங்கிலேயர் இந்த ஏரியைச் சென்னையோடு கால்வாயால் இணைத்தார்கள். 1806-இல் எண்ணூர் வரையில் வெட்டிய கால்வாய் மெல்ல மெல்ல வடக்கே நீண்டது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரையில் நீடித்த அந்தப் பஞ்சத்தில், நிவாரண வேலையாகச் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பட்டினி கிடந்த ஜனங்களைக் கொண்டு வெட்டினார்கள். கவர்னர் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று. ஒரு பஞ்சத்தில் ஜனங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். இன்னொரு பஞ்சத்தில் படகுக்கு வழி வெட்டச் சொன்னார்கள். அந்த வழியாக ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு படகு படகாக வந்து சென்னைப் பட்டணத்து அடுப்புகளில் எரிந்தது.

அந்த ஸ்ரீஹரிகோட்டாதான் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே படுத்திருக்கும் நீண்ட தீவு. நாங்கள் அதில் இறங்கவில்லை; இறங்கவும் முடியாது. 1969-இல் ராக்கெட் தளத்துக்காக அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். ராக்கெட்டைக் கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சியும் சேர்ந்து தள்ளும். எதிரே வெறும் கடல் இருந்தால் விழுவது யார் தலையிலும் விழாது. டச்சுக்காரன் பார்த்த அதே கரையை விஞ்ஞானிகள் வேறு கண்ணால் பார்த்தார்கள். 1971-இல் முதல் சிறு ராக்கெட் கிளம்பிற்று. 1980-இல் நம் சொந்த ராக்கெட் ரோகிணியைச் சுமந்துகொண்டு போயிற்று. 2008-இல் சந்திரனுக்கே வழி பிறந்தது. பெருமைப்பட வேண்டிய சமாசாரம். அந்தக் காட்டில் தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்துப் பிழைத்துவந்த யானாதி மக்களும் மற்றக் குடிகளும் தீவை விட்டுப் போக வேண்டியிருந்தது என்பதையும் அதே பக்கத்தில் எழுதி வைப்பதுதான் நியாயம்.

"இப்ப ஏரிக்கு என்ன குறை?" என்று திரும்பி வரும்போது படகோட்டியைக் கேட்டேன்.

"வாய் அடைச்சுக்குதுங்க ஐயா" என்றார்.

முகத்துவாரத்தைச் சொன்னார். மணல் மூடிக்கொண்டால் கடல் தண்ணீர் உள்ளே வராது. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வராது. ஆறு கொண்டுவரும் மண் அடியில் படிந்து ஏரி மேலும் மேலும் மேடாகும். முழங்கால் தண்ணீர் கணுக்கால் தண்ணீராகிவிடும். பாடு முறை இருக்கும். பாட்டில் மீன் இருக்காது. நானூறு வருஷச் சரித்திரத்தில் துணிக்கும் மனிதருக்கும் விறகுக்கும் ராக்கெட்டுக்கும் இடம் கொடுத்த ஏரி அது. ஒவ்வொரு தடவையும் பயன் வெளியூருக்குப் போயிற்று. மிச்சம் கரையிலிருந்த செம்படவனுக்கு. அந்த மிச்சமும் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதுதான் அந்தக் கிழவரின் கவலை.

வாசகர்கள் போய்ப் பார்ப்பதானால் தை மாதத்தில் போங்கள். படகு கிடைக்காவிட்டால் பாதகமில்லை. பூநாரைகளைக் கரையிலிருந்தே பார்க்கலாம். பெண்கள் பனையோலையில் பின்னும் பெட்டிகள் வெகு அழகு. பேரம் பேசாமல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கல்லறைத் தோட்டத்துக்கும் அவசியம் போங்கள். அங்கே பெயர்களைப் படித்துவிட்டு அப்படியே ஏரிக்கரைக்கு வந்து, முகத்துவாரம் இருக்கும் திசையைப் பார்த்தபடி ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள். கல்லில் பெயர் எழுதப்படாதவர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள்.